படியில் வைத்த கை

மேஸ்திரி கத்தாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பல் விளக்கும்போது வாயில் நுரையோடு கத்துவார். தூக்கத்திலும் கத்துவார். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தவன் என்பதால் சொல்கிறேன், இது யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை. காலையில் எனக்கு அலாரம் வைக்கிற வேலையே இருந்ததில்லை.

"வெந்நீர் எங்கடி?"

அக்கா, அதாவது அவர் மனைவி, வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைப்பாள்.

"கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டியா? காது கேக்குதா இல்லையா?"

"கேக்குது. அதான் வெந்நீர் வந்திருக்கு."

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி. எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே இருப்பதால் அவனுக்குக் குருவி என்று பெயர். அம்மா போனபோது அவன் சின்னப் பையன். அக்கா கல்யாணமாகி வரும்போது இடுப்பில் ஒரு பையும் கையில் தம்பியுமாக வந்தாள் என்று மேஸ்திரியே சொல்லிச் சிரிப்பார். இப்போது மீசை வைத்த ஆண்பிள்ளை. ஆனாலும் அவன் தட்டில் சோறு குறைந்திருந்தால் அக்காவுக்கு முகம் வாடிவிடும்.

எங்கள் நான்கு பேருக்கும் ஒரே இறைச்சிக் கூடத்தில் வேலை. தோலுரித்த மாடுகள் பின்னங்காலில் கொக்கி மாட்டி, மேலே ஓடுகிற சங்கிலியில் தொங்கியபடி வரும். வரிசையாக நிற்கிற ஆட்கள் தங்கள் பங்கை வெட்டவேண்டும். ஒருவன் குடலை எடுப்பான், ஒருவன் ஈரலை, ஒருவன் கொழுப்பைச் சீவுவான். சங்கிலி யாருக்காகவும் நிற்காது. கடைசியில் குருவி. நாடா போல் சுற்றுகிற ரம்பத்தில் உடலை முதுகெலும்போடு இரண்டாகப் பிளப்பது அவன் வேலை. பிளந்து வந்ததை எடை போடுவது நான். அக்கா பக்கத்து அறையில் பெண்களோடு பொட்டலம் கட்டுவாள். தரை எப்போதும் ஈரம். பூட்ஸுக்குள் குளிர் ஏறி முழங்கால் வரைக்கும் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் வாடை போகாது.

மேஸ்திரி எங்கள் ஆட்களை நடத்துகிற முறை ஒன்றே ஒன்றுதான். தப்பு செய்தால் அந்த நிமிஷமே, எல்லார் முன்னாலும், அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். டீ நேரத்தில் தன் டீயில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுப்பார். அதோடு சரி. அவரிடம் திட்டு வாங்காதவன் அவருக்கு வேண்டப்படாதவன் என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் முதல் திட்டு விழுந்ததும் நிம்மதியாவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு மேட்டுக்காரர்கள் வந்தார்கள். மலைக்கு அந்தப்பக்கத்து ஜனங்கள், வேறு பாஷை. கத்தி வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் பேச்சு மட்டும் வாயிலிருந்து வெளியே வராது. ஒருவனுக்கொருவன் முணுமுணுவென்று பேசிக்கொள்வார்கள். பாஷை தெரியாதவனிடம் இன்னும் உரக்கப் பேசினால் புரிந்துவிடும் என்று மேஸ்திரி நம்பினார். கூடத்தில் சத்தம் இரண்டு மடங்காயிற்று. திட்டு விழுந்ததும் மேட்டுக்காரன் தலையைக் குனிந்து வேலையைத் தொடர்வான். மேஸ்திரி டீ நீட்டினால் வாங்கமாட்டான். அது அவருக்குப் பெரிய மனத்தாங்கல்.

"என் டீயில என்ன விஷமா கலந்திருக்கு? திமிர் புடிச்சவனுங்க."

அவர்களில் ஒருவன் சங்கிலியின் லீவரைப் பார்த்துக்கொண்டான். மேலே தூக்கினால் சங்கிலி நிற்கும், கீழே இறக்கினால் ஓடும். பேசவே மாட்டான் என்பதால் எங்கள் ஆட்கள் அவனுக்கு ஊமையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி பொட்டல அறையில் அக்காவுக்குப் பக்கத்து இடம். இரண்டு பேருக்கும் பேச்சு வளர்ந்து, அக்கா அந்த பாஷையில் பாதி கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒருநாள் அக்கா முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து வந்தாள். மேஸ்திரி மருந்து தடவிக்கொண்டே கத்தினார்.

"எப்படிடீ ஆச்சு? கண்ணு எங்க இருந்துச்சு?"

அக்காவுக்கு வலியிலும் சிரிப்பு. "ஊமையன் பொண்டாட்டி பக்கத்துல வந்தா. தோள்ல கை வெச்சா. காதுகிட்ட குனிஞ்சு மெதுவா என்னமோ சொன்னா. யார் வீட்டுக் கதையோ சொல்ல வர்றான்னு நெனச்சு நானும் 'அப்படியா'ன்னு தலையாட்டிக்கிட்டே பொட்டலம் கட்டினேன். அவ சொன்னது, உன் பின்னாடி வெந்நீர்க் குழாய் வெடிக்கப் போவுதுன்னு!"

குருவி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன், அந்தம்மா கத்தக்கூடாதா?"

"கேட்டேன்டா. அவங்க பக்கத்துல கத்தறதுக்கு மதிப்பில்லையாம். கோவக்காரன் கத்துவான், குடிகாரன் கத்துவான், அதுக்கெல்லாம் யாரும் திரும்பக்கூடாதாம். உயிர் போற அவசரம்னா பக்கத்துல போய், தோளைத் தொட்டு, மெதுவாத்தான் சொல்லணுமாம்."

"உயிர் போற அவசரத்துல நடந்து போயி தோளைத் தொடணுமா? நல்ல ஜனங்கடா சாமி!" என்று மேஸ்திரி தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாருக்கும் அது வேடிக்கை.

அந்த வாரமே ஊமையன் சங்கிலியைக் கொஞ்சம் வேகமாக விட்டுவிட்டான். ஒரு உடல் சரியாக வெட்டுப்படாமல் என்னிடம் வந்தது. மேஸ்திரிக்கு வந்த கோபத்தில் தொட்டியில் கிடந்த நுரையீரல் ஒன்றை எடுத்து அவன்மேல் வீசினார். அது அவன் முகத்தில் பட்டுச் சரிந்து மார்பில் வழிந்தது. எங்கள் ஆட்கள் ஹோவென்று சிரித்தார்கள். மேட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊமையன் முகத்தைத் துடைக்கவேயில்லை. ரத்தம் காயக் காய லீவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

டீ நேரத்தில் மேஸ்திரி டீயை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. வெளியே மழை இருட்டு, உள்ளே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. குருவி விசிலடித்தபடி ரம்பத்தில் நின்றான். போகிற கொக்கி ஒன்று அவன் கையுறையின் பட்டையில் மாட்டிக்கொண்டது. அவன் இழுத்தான். வரவில்லை. சங்கிலி அவன் கையை ரம்பத்தை நோக்கி இழுத்தது.

மேஸ்திரி கூடத்தின் நடுவில் இருந்தார். "நிறுத்து! லீவரைத் தூக்கு! டேய், நிறுத்துடா!"

ஊமையன் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி லீவர் பக்கத்தில் அப்படியே நின்றான். மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் ஆட்களிலும் பாதிப்பேர் தலை தூக்காமல் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். குருவிக்குப் பக்கத்தில் நின்ற மேட்டுக்காரன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான், வழுக்கி விழுந்தான், எழுந்து ஓடினான். ஊமையனின் தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னான். லீவர் அந்தக் கணமே மேலே போயிற்று. சங்கிலி நின்றது.

அதற்குள் விசில் நின்றிருந்தது. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் மிச்சம். நான்தான் அவனைத் தாங்கிப் பிடித்தேன். அவன் ரத்தம் என் சட்டைக்குள் சூடாக இறங்கியது. விரல்களை யாரோ தரையில் தேடினார்கள். அந்தத் தரையில் எதை என்று தேடுவது?

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கட்டுப்போட்ட தன் கையையே தடவிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே பண்ணினான். நான் கத்தினது அவனுக்குக் கேக்காமலா இருந்துச்சு? அவன் ஆளு வந்து சொன்னதும் நிறுத்தினான் பாரு! நான் சொன்னா நிறுத்தமாட்டான், அவன் ஆளு சொன்னா நிறுத்துவான். மூஞ்சில நுரையீரலை அடிச்சேன்ல, அதுக்குப் பழி."

"பழின்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்ன? காது செவிடா அவனுக்கு?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. "உன் தம்பியை என் கண்ணு முன்னாடி நிக்க வெச்சிருக்கேன், அவன் நகத்துக்குக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு உன்கிட்ட சொன்னவன் நான். அந்த நாய் கையை எடுக்காம விடமாட்டேன். நீயே வந்து தடுத்தாலும் சரி."

அவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்குப் பயமாக இருந்தது. மேனேஜர் வந்தார், விபத்து என்றார், போலீஸ் எல்லாம் வேண்டாம் என்றார், குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் தூறல். வெளிச்சம் இன்னும் இருந்தது. மேஸ்திரி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, கத்தி தீட்டுகிற இரும்புக் கோலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முழங்கை நீளம், கட்டைவிரல் கனம். காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. நான் ஜன்னலோரம் நின்றேன். தெருவில் மேட்டுக்காரர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். குடை இல்லை, பேச்சு இல்லை. முன்னால் ஊமையன். அவன் கையில் கத்தி.

"வந்துட்டானுங்க," என்றார் மேஸ்திரி. அவர் குரல் நடுங்கியது. கோபமா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "வீடு தேடிக் கத்தியோட வந்துட்டானுங்க!"

நான் கதவைத் தாழிடப் போனேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தார். ஊமையன் வாசற்படியில் கத்தியை வைக்கக் குனிந்திருந்தான். சத்தம் கேட்டு முகத்தைத் தூக்கினான். முதல் அடி தாடையில். மரக்கட்டை பிளக்கிற சத்தம் கேட்டது. அடுத்த அடி தோளில், அதற்கடுத்து முதுகில், விலாவில். ஊமையன் முழங்காலில் விழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் பல்லும் படியில் கொட்டின. மேஸ்திரி ஒவ்வொரு அடிக்கும் கத்தினார். "என் பிள்ளைடா! என் பிள்ளை கைடா!"

மற்ற மேட்டுக்காரர்கள் அசையவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஒருவன் அடிபட்டுச் சாகிறான், கூட வந்தவர்கள் மழையில் கைகட்டி நிற்கிறார்கள். நான் பின்னாலிருந்து மேஸ்திரியின் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் ஒரு இடி இடித்தார். சுவரில் மோதி என் முன்பல் பாதி உடைந்தது. அக்கம்பக்கத்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து கத்தினார்கள். அக்கா கத்தினாள். "விடுங்க! ஐயோ, செத்துப்போயிடுவான், விடுங்க!" தெருவே கத்தியது. அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. கோல் ஏறி ஏறி இறங்கியது.

அப்போது அக்கா கத்துவதை நிறுத்தினாள். எதையோ பார்த்துவிட்டாள். படியிறங்கி அவர் பக்கத்தில் போனாள். ஓங்கிய கோல் தன்மேல் விழலாம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அவர் தோளில் கையை வைத்து, காதருகே குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அவன் கையைப் பாருங்க."

மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது.

நானும் பார்த்தேன். ஊமையனின் வலது கை வாசற்படியில் விரல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கத்தி, பிடி எங்கள் வீட்டைப் பார்த்தபடி. இவ்வளவு அடியிலும் அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்தது போலவே போனார்கள். யாரும் புகார் கொடுக்கவில்லை. கத்தி படியிலேயே கிடந்தது. மழை அதன்மேல் பெய்தது. அக்கா அதைத் தொடவும் விடவில்லை, தாண்டவும் விடவில்லை. நாங்கள் கொல்லைப்பக்கமாகப் போய் வந்தோம்.

குருவி கண் திறந்து பேசத் தொடங்கிய அன்று மூன்று பேரும் போயிருந்தோம். மேஸ்திரி கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"மாப்ள, அவனைச் சும்மா விடலடா. தாடையைப் பேத்துட்டேன்."

"யாரை?"

"ஊமையனை. நான் அந்தக் கத்து கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கலையே அவன்."

குருவி கூரையைப் பார்த்தபடி கிடந்தான். உதடு காய்ந்திருந்தது. அக்கா தண்ணீரை ஸ்பூனில் எடுத்து ஊற்றினாள்.

"மாமா, கொக்கி மாட்டறதுக்கு முன்னாடி என்னைப் பாத்து ஏதாவது சொன்னீங்களா?"

"கையை இழுடா, கொக்கி வருதுன்னு கத்தினேனே! ரெண்டு தரம் கத்தினேன்."

"கேட்டுச்சு மாமா."

"கேட்டுச்சா? அப்புறம் ஏன்டா இழுக்கல?"

"எப்பவும் போலக் கத்தறீங்கன்னு நெனச்சேன்." அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால்கூட மேஸ்திரி தாங்கியிருப்பார். "நாள் முழுக்கக் கத்தறீங்க. நானே திரும்பல. பாஷை தெரியாதவன் அவன் எப்படித் திரும்புவான்?"

மேஸ்திரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு வராந்தாவுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதே சமயம், உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு, நன்றாக வேண்டும் உனக்கு என்றும் நினைத்தேன்.

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பொட்டல ரூம்ல அவங்க பொம்பளைங்ககிட்ட விசாரிச்சேன். அவங்க சண்டைக்கு வரல. ஒருத்தனால இன்னொரு வீட்டுக்குச் சேதம் வந்துட்டா, அவன் தன் கத்தியையும் கையையும் அந்த வீட்டுப் படியில வைக்கணுமாம். என்ன வேணாப் பண்ணிக்கோங்கன்னு. கையை எடுக்கவும் கூடாது, கூட வந்தவங்க தடுக்கவும் கூடாது. வீட்டுக்காரங்க கத்தியைத் திருப்பிக் குடுத்தாத்தான் அவன் மறுபடி கத்தி தொடலாமாம்."

"தப்புன்னு ஒத்துக்க வந்தானா?"

"ஆமா."

"அவன்மேலதான் தப்பே இல்லையே," என்றார் மேஸ்திரி.

"எனக்குத் தெரியும். அன்னைக்கு இந்த வராந்தாவுலயே சொல்ல வந்தேன். நீங்க கத்திக்கிட்டு இருந்தீங்க."

மேஸ்திரி சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நான் போறேன். கத்தியைக் குடுத்துட்டு வரேன்," என்றார்.

"அடிச்சே கொன்னாலும் கொல்லுவாங்க. என்ன வேணா நடக்கலாம்."

"நடக்கட்டும்."

கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருந்தன. மேட்டுக்காரர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். கொடியில் வேலைச்சட்டைகள் காய்ந்தன. அடுப்பில் ஏதோ கொதிக்கிற மணம். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்கள் இடுப்பில் கத்தி இருந்தது, வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். என் கால் பின்னாலேயே இழுத்தது. அக்கா துணியில் சுற்றிய கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே நடந்தாள்.

ஊமையனின் அறைக்கு முன்னால் ஒரே ஒரு கல் படி. மேஸ்திரி அதன்முன் முழங்காலிட்டார். கனத்த உடம்பு, இறங்கச் சிரமப்பட்டார். ஊமையனின் கத்தியை அக்காவிடமிருந்து வாங்கிப் படியில் வைத்தார். தன் இரும்புக் கோலை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு வலது கையை, விரல்களை விரித்து, கல்லின்மேல் வைத்தார்.

ஊமையனின் பெண்டாட்டி வெளியே வந்தாள். கையைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் வருஷக்கணக்காகப் பொட்டலம் கட்டியவர்கள். அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவள் கோலை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள்.

எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் நகம் சதைக்குள் இறங்கியது. நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அக்கா என்னை இழுத்து நிறுத்தினாள். இன்னொரு அடி விழுந்தது. விரல் நுனிகளிலிருந்து ரத்தம் கல்லில் பரவியது. மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் அகலமாகத் திறந்தது. வெந்நீர் சூடு குறைந்தாலே தெருவைக் கூட்டுகிற மனிதர். தொண்டையிலிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது. கை இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது தடவை அவள் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. கோலைத் தணித்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள். மேஸ்திரி இடது கையால் வாங்கிக்கொண்டார்.

உள்ளிருந்து ஊமையன் வந்தான். தலையிலிருந்து மோவாய் வரை கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். மேஸ்திரி கோலைக் கீழே வைத்துவிட்டு, அவனுடைய கத்தியை இடது கையால் எடுத்து அவனிடம் நீட்டினார். எங்கள் வீட்டுப் படியில் துருவேறிப்போன கத்தி. ஊமையன் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். பிறகு மெல்லக் குனிந்து மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் தோளில் கையை வைத்தான். காதருகே முகத்தைக் கொண்டுபோனான்.

மேட்டுக்காரர்கள் எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

மேஸ்திரி அவன் பக்கம் தலையைச் சாய்த்தார். அடுத்து நிற்கிற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "சொல்லு. கேக்கறேன்," என்றார்.

ஊமையன் முயன்று பார்த்தான். கட்டுக்குள் தாடை அசையவில்லை.